எதிர்த்துப் பேசாத காலம்

1895 ஆகஸ்டில் எடிசன் கம்பெனி எடுத்த ஒரு படம் மொத்தமே 18 விநாடிதான் ஓடும். கண்ணைக் கட்டிய ஒரு பெண் மண்டியிட்டு, வெட்டுக் கட்டையில் தலையை வைக்கிறாள். கோடரி இறங்குகிறது, தலை உருள்கிறது, வெட்டியவன் அதைத் தூக்கிக் காட்டுகிறான். ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு 1587-இல் நிறைவேற்றிய மரண தண்டனைதான் கதை. கோடரியை ஓங்கிய இடத்தில் கேமராவை நிறுத்தி, சுற்றி நின்றவர்களை ஆடாமல் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, அரசியை எழுப்பி அனுப்பி, அதே இடத்தில் ஒரு பொம்மையை வைத்து மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். அரசியாக நடித்தவர் ஓர் ஆண் என்பது தனி வேடிக்கை. பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் டிக்கெட் போட்டுப் படம் காட்டியதே இதற்கு நாலு மாதம் கழித்துத்தான்.

படத்தை ஒரு பெட்டியின் துளை வழியாக ஆளுக்கு ஒருவராக எட்டிப் பார்த்த நாளிலேயே சரித்திரப் படம் வந்துவிட்டது என்று அர்த்தம். 130 வருடம் ஓடிவிட்டது. ஊமைப் படம் பேசியது, கறுப்பு வெள்ளை கலராயிற்று, டிவி வந்தது, கைபேசியிலேயே சீரியல் பார்க்கும் காலமும் வந்தது. வாளும் கிரீடமும் மட்டும் போன பாடில்லை.

ஏன் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில் வரும். பிரம்மாண்டம் ஒன்று, பழைய காலத்தின் மீதுள்ள ஏக்கம் இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பிரம்மாண்டத்தை வேற்றுக்கிரகக் கதையிலும் காட்டலாம். ஏக்கத்துக்கு இருபது வருடம் பின்னால் போனாலே போதும், அறுநூறு வருடம் போக வேண்டியதில்லை. பழைய காலத்துக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு குணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது எதிர்த்துப் பேசாது. நாம் என்ன உடுத்திவிட்டாலும் உடுத்திக்கொள்ளும், என்ன வசனம் கொடுத்தாலும் பேசும். அந்தக் குணம் எழுதுகிறவர், பணம் போடுகிறவர், நாட்டை ஆள்கிறவர், பார்க்கிறவர் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வசதியாக இருக்கிறது.

எழுதுகிறவரின் வசதியை முதலில் பார்ப்போம், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கதை என்றால் தடை வேண்டும். ஒருவர் சொல்ல நினைத்தது இன்னொருவருக்குப் போய்ச் சேரக் கூடாது, அல்லது தாமதமாகச் சேர வேண்டும். குதிரைக்காரன் கொண்டுபோகும் ஓலை வழியில் பறிபோகலாம், போர்க்களத்திலிருந்து வரும் கடிதம் மூன்று மாதம் கழித்துக் கிடைக்கலாம், அதற்குள் அவள் வேறொருவனை மணந்துவிடலாம். இதையே இன்றைக்கு நடப்பதாக எழுதிப் பாருங்கள். ‘ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்குமே’ என்று பார்க்கிறவர் கேட்டுவிடுவார். அதனால்தான் இந்தக் காலத்துக் கதைகளில் சரியாக முக்கியமான நேரத்தில் சார்ஜ் தீர்ந்துபோகிறது, டவர் கிடைக்காமல் போகிறது, கைபேசி தண்ணீரில் விழுகிறது. பாவம், எழுத்தாளர் வேறென்ன செய்வார்?

செய்தியைப் போலத்தான் சட்டதிட்டமும். ஓர் ஆங்கிலேயப் பிரபு குடும்பத்தைப் பற்றிய டவுன்டன் அபே தொடர் 1912-இல் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடங்குகிறது. எஸ்டேட்டின் வாரிசுகள் கப்பலோடு போய்விட்டார்கள். வீட்டில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் பெண்ணுக்குச் சொத்து போகாது. இந்த ஒரு விதி போதும், ஆறு சீசன் ஓட்டிவிடலாம். யார் யாரை மணக்கலாம், யார் எந்த வாசல் வழியாக வரலாம், யார் முன்னால் யார் உட்காரக் கூடாது என்று எழுதி வைத்த ஒரு சமூகத்தில் கையைத் தொட்டாலே அது ஒரு சம்பவம். எல்லாம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் அதே பதற்றத்தை உண்டாக்க எழுத்தாளர் கொலை, கடத்தல் என்று போக வேண்டியிருக்கிறது.

அடுத்த வசதி, இன்றைய விஷயத்தை நேற்றைய ஆளின் வாயில் வைத்துப் பேசலாம் என்பது. சென்சார் உள்ள எல்லா நாட்டிலும் இந்தத் தந்திரம் உண்டு. 1921-இல் மகாபாரத விதுரரைப் பற்றி இந்தியாவில் ஒரு மௌனப் படம் வந்தது. திரையில் வந்த விதுரர் கதர் உடுத்தி, காந்தி குல்லாய் போட்டிருந்தார். சென்னை மாகாணத்திலும் கராச்சியிலும் படத்துக்குத் தடை. புராணம்தானே என்று வெள்ளைக்கார அதிகாரிகள் விட்டுவிடவில்லை, குல்லாயைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டார்கள். பிற்பாடு தமிழில் வந்த ராஜா ராணிப் படங்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. நாட்டுக்குப் பெயர் உண்டு, வரைபடத்தில் இடம் கிடையாது. மன்னன் உண்டு, வருடம் கிடையாது. 1958-இல் வந்த நாடோடி மன்னனில் அரியணை ஏறிய ஏழை மக்களுக்காகச் சட்டங்களை அறிவித்தபோது, அது எந்தக் கட்சியின் குரல் என்று கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும்.

இதே கருவியை ஆள்கிறவரும் கையில் எடுப்பார். சோவியத் ரஷ்யாவில் 1938-இல் ஐசன்ஸ்டைன் எடுத்த அலெக்சாந்தர் நெவ்ஸ்கி, 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வீரர்களை ரஷ்ய இளவரசன் முறியடித்த கதை. உறைந்த ஏரியில் போர், இரும்பு முகமூடி அணிந்த எதிரிகள். யாரைச் சொல்கிறது என்பதில் சந்தேகமே இல்லை, ஹிட்லரின் ஜெர்மனியைத்தான். 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் போட்டார்கள், படம் தியேட்டர்களிலிருந்து காணாமல் போனது. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் அதே படம் திரும்பி வந்தது. ஒரு பிரேம்கூட மாறவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்குள் அந்த 13-ஆம் நூற்றாண்டு முதலில் தேவைப்பட்டது, பிறகு வேண்டாததாயிற்று, மறுபடியும் தேவைப்பட்டது. அதே இயக்குநர் அடுத்து ஜார் மன்னன் இவானைப் பற்றி எடுத்தார். முதல் பாகத்தில் ஸ்டாலினுக்குப் பரம திருப்தி. இரண்டாம் பாகத்தில் இவான் எல்லோரையும் சந்தேகிக்கிற, உளவுப்படை வைத்துக் கொல்கிற ஆளாக வந்தான். 1946-இல் தடை. வெளியானது 1958-இல். அதற்குள் ஸ்டாலினும் இல்லை, ஐசன்ஸ்டைனும் இல்லை.

இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்க வேண்டாம். துருக்கியில் சுல்தான் சுலைமானின் அந்தப்புரத்தை மையமாக வைத்து 2011-இல் ஒரு தொடர் வந்து சக்கைப்போடு போட்டது. 2012-இல் பிரதமராக இருந்த எர்டோகான் அதை வெளிப்படையாகவே சாடினார். எங்கள் சுல்தான் முப்பது வருடம் குதிரை மேல் இருந்தவர், அந்தப்புரத்தில் அல்ல என்பது அவருடைய மனக்குறை. இரண்டே வருடத்தில் அரசுத் தொலைக்காட்சியில் ஒட்டோமான் வம்சத்தின் மூதாதை எர்துருலைப் பற்றிய தொடர் வந்தது. இதில் நாயகன் குதிரையை விட்டு இறங்குவதே அபூர்வம். 2020-இல் அது உருது பேசி பாகிஸ்தான் அரசு டிவியிலும் ஓடியது, அங்கே சிபாரிசு செய்தவர் பிரதமர் இம்ரான் கான். சீனாவில் 2011-இல், நாயகி பழைய வம்சத்தின் காலத்துக்குத் தாவிப் போகும் காலப்பயணத் தொடர்கள் சரித்திரத்தைக் கேலி செய்கின்றன என்று ஒளிபரப்பு அதிகாரிகள் முகம் சுளித்தார்கள்.

எதிர்த்துப் பேசாது என்று சொன்னேன். ஒரு தடவை பேசியது. 1916 டிசம்பரில் ரஷ்யச் சாமியார் ரஸ்புடினைக் கொன்றவர்களில் முக்கியமானவர் இளவரசர் பெலிக்ஸ் யூசுபோவ். புரட்சியில் தப்பி அவரும் மனைவி இரினாவும் வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1932-இல் எம்ஜிஎம் ஸ்டூடியோ அந்தக் கொலைக் கதையைப் படமாக்கியது. கொன்ற இளவரசருக்கு வேறு பெயர் வைத்தார்கள், அவருக்கு நிச்சயித்த பெண்ணை ரஸ்புடின் கெடுத்துவிடுவதாகவும் சேர்த்தார்கள். அது போதாதென்று, இந்தக் கதையில் வரும் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று படத்தின் ஆரம்பத்தில் பெருமையாக எழுத்தும் போட்டார்கள். அந்தப் பெண் நான்தான் என்று ஊரே நினைக்கும் என்று இரினா லண்டனில் வழக்குப் போட்டார். 1934-இல் தீர்ப்பு, நஷ்ட ஈடு 25,000 பவுண்டு. படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ, ‘இதில் வரும் பாத்திரங்கள் உயிருடன் இருப்பவரையோ இறந்தவரையோ குறிப்பன அல்ல’ என்று ஒரு வரி ஓடுமே, நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற அந்த வரி இந்த வழக்குக்குப் பிறகுதான் பழக்கமாகியது. பதினாறு வருடப் பழசு மட்டும் போதாது, சம்பந்தப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்திருக்கவும் வேண்டும் என்பதை ஹாலிவுட் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது.

காசு என்றதும் பணம் போடுகிறவரின் கணக்குக்கு வரலாம். கிளியோபாட்ரா, நெப்போலியன், செங்கிஸ்கான் என்றால் விளம்பரமே வேண்டாம், பெயர் ஏற்கெனவே ஊர் அறிந்தது. அப்புறம், கட்டியதைக் கண்ணால் பார்க்கலாம். 1950-களில் அமெரிக்க வீடுகளுக்குள் டிவி புகுந்து கூட்டம் குறைந்தபோது, வீட்டுப் பெட்டிக்குள் அடங்காத ஒன்றைக் காட்டியே தீர வேண்டும் என்ற நெருக்கடி ஸ்டூடியோக்களுக்கு வந்தது. 1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரையில் வெளிவந்த முதல் படம் ரோமாபுரிக் கதை. 1959-இல் வந்த பென்ஹர் 11 ஆஸ்கர் வாங்கியது. இந்த வேகத்தில்தான் கிளியோபாட்ரா ஆரம்பமானது. லண்டனில் போட்ட செட்டை நாயகிக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் கைவிட்டு, ரோமில் மறுபடி கட்டினார்கள். செலவு 4 கோடி டாலரைத் தாண்டியது. 1963-இல் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படம் அதுதான், ஆனாலும் ஸ்டூடியோ திவாலின் விளிம்புக்குப் போனது. அடுத்த வருடம் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி ஸ்பெயினில் எடுத்த ஒரு படம் வந்தது. ரோம நகரத்தின் மையச் சதுக்கத்தையே முழு அளவில் கட்டினார்கள். படம் விழுந்தது, தயாரிப்பாளரின் நிறுவனமும் விழுந்தது. அதன்பிறகு ஹாலிவுட் ரோம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

36 வருடம் கழித்து வந்த கிளாடியேட்டர், அந்த விழுந்த படத்தில் இருந்த அதே அப்பா மகன் பேரரசர்களின் கதைதான். மார்க்கஸ் அவுரேலியஸ் சாகிறார், கொமோடஸ் பட்டத்துக்கு வருகிறான். 1964-இல் படுத்த கதை 2000-இல் வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கக் காரணம், மக்களுக்குத் திடீரென்று ரோம வரலாற்றில் ஆர்வம் வந்தது அல்ல. கொலோசியத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு துண்டை மட்டும் மால்டாவில் கட்டினார்கள், மிச்ச அடுக்குகளும் கூட்டமும் கணினியில் வந்தன. ஆயிரக்கணக்கான துணை நடிகர்களுக்குச் சோறு போட்டு, உடை கொடுத்து, வெயிலில் நிறுத்த வேண்டிய வேலை குறைந்தது. சரித்திரப் படத்தை அடிக்கடி கொன்றது ரசனை மாற்றம் அல்ல, கூட்டத்தின் செலவு. அது இறங்கியதும் வாள் மறுபடி உறையை விட்டு வந்துவிட்டது.

தொலைக்காட்சிக்கு இந்தப் பிரம்மாண்டம் கிடையாது, ஆனால் நேரம் உண்டு. அரண்மனைச் சூழ்ச்சிக்கு இரண்டரை மணி நேரம் போதாது, வாரக்கணக்கில் ஊற வேண்டும். ஜப்பானின் என்எச்கே 1963-இல் தொடங்கி இன்று வரை வருடத்துக்கு ஒரு சரித்திரத் தொடரை ஞாயிறு இரவுகளில் காட்டி வருகிறது. ஒரே கதை, கிட்டத்தட்ட ஒரு வருடம் முழுக்க. அமெரிக்காவில் 1977 ஜனவரியில் ரூட்ஸ் என்ற அடிமைக் குடும்பத்தின் கதை எட்டு இரவு தொடர்ந்து ஓடியபோது, கடைசி இரவு சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். பள்ளிப் புத்தகம் இரண்டு பக்கத்தில் கடந்துபோனதை அன்றைக்கு ஒரு நாடே உட்கார்ந்து பார்த்தது. சரித்திரப் படம் என்றாலே தப்பித்தல்தான் என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு நடைமுறை லாபமும் உண்டு. இன்றைய கதை சீக்கிரம் பழசாகிவிடும். பத்து வருடத்துக்கு முந்தைய சீரியலில் நாயகன் எடுக்கும் கைபேசியைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. 18-ஆம் நூற்றாண்டுக் கதைக்கு அந்தப் பயம் இல்லை, அது பிறக்கும்போதே பழசு. மொழிமாற்றி எந்த நாட்டுக்கும் எந்த வருடமும் விற்கலாம். சீனாவில் ஹெங்டியன் என்ற ஊரில் 1996-இல் அபினிப் போர் பற்றிய ஒரு படத்துக்காகப் போட்ட தெரு, பெய்ஜிங் அரண்மனையின் நகலோடு சேர்ந்து ஒரு செட் நகரமாகவே வளர்ந்து நிற்கிறது. ஒரு வாசலில் சின் வம்சத்து அரசன் சாவான், அடுத்த வாசலில் சிங் வம்சத்து அரசி பிள்ளை பெறுவாள். ஒருமுறை கட்டினால் நூறு தொடருக்கு ஆகும்.

ஆனால் திரையில் பார்க்கும் பழைய காலம் எவ்வளவு தூரம் பழைய காலம்? நல்ல உதாரணம் பேச்சு. நம் படங்களில் மன்னர் வாயைத் திறந்தால் ‘யாம் அளித்தோம்’, ‘தாங்கள் எழுந்தருள வேண்டும்’ என்று வரும். ராஜராஜ சோழன் 1010 வாக்கில் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டச் சொன்னதைப் படித்துப் பாருங்கள்: ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்கிறார். கொடுத்தன இல்லை, ‘குடுத்தன’. நாம் வீட்டில் சொல்கிறோமே, அதே குடுத்ததுதான். அதற்கு முன்னும் பின்னும் மன்னன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியின் கம்பீரம் இருக்கலாம், ஆனால் உத்தரவு போடும்போது மனிதர் சாதாரணமாகத்தான் பேசுகிறார், அக்காவைப் பற்றி அக்கன் என்றே சொல்கிறார். இதை அப்படியே ஒரு படத்தில் வைத்தால் என்ன ஆகும்? ‘என்னய்யா, ராஜராஜன் குடுத்தான்னு பேசுறான்’ என்று தியேட்டரே சிரிக்கும். மேடை நாடகம் நமக்குப் பழக்கிவிட்ட செந்தமிழ்தான் நமக்குச் சோழர் காலம். ஹாலிவுட்டிலும் இதுதான் கதை, ரோமானியர்கள் எல்லாம் பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசுவார்கள்.

ஆக, உண்மையானது பொய்யாகத் தெரிகிறது. புதுப்பெயர் போல ஒலிக்கும் டிஃபனி என்ற பெயர் இடைக்கால ஐரோப்பாவிலேயே வழக்கில் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கதையில் ஒரு சீமாட்டிக்கு அதை வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கிரேக்கச் சிலைகளுக்கு நிறம் பூசியிருந்தார்கள் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம், திரையில் இன்னமும் வெள்ளை வெளேர் என்றுதான் நிற்கின்றன. வைக்கிங்குகள் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டதாக அகழாய்வில் ஆதாரம் எதுவும் இல்லை. 1876-இல் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் வைத்த கொம்பு அது, இன்று வரை இறங்கவில்லை. கிளாடியேட்டரில் பேரரசன் கட்டை விரலைக் காட்டித் தீர்ப்புச் சொல்கிறானே, அந்தக் காட்சியின் ஊற்று 1872-இல் ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படம். படம் எடுக்கச் சம்மதம் வாங்க இயக்குநரிடம் காட்டியதே அந்த ஓவியத்தைத்தான். பண்டைய ரோமில் விரல் எந்தப் பக்கம் திரும்பினால் சாவு என்பதில் அறிஞர்களுக்கே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

உண்மையாகவே மெனக்கெடுகிறவர்களும் உண்டு. 1975-இல் வந்த பாரி லிண்டனுக்காக ஸ்டான்லி கூப்ரிக் 18-ஆம் நூற்றாண்டு அறைகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்க விரும்பினார். அன்றைய சினிமா லென்ஸ் எதற்கும் அந்த வெளிச்சம் பற்றாது. நாசாவின் நிலவுத் திட்டத்துக்காக சைஸ் நிறுவனம் செய்திருந்த ஒரு லென்ஸை வாங்கி, கேமராவைக் குடைந்து பொருத்தினார்கள். வாய் அவ்வளவு அகலமான லென்ஸில் தெளிவு மெல்லிய ஓர் அடுக்குக்குள்தான் நிற்கும். நடிகர் ஒரு சாண் முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். அதனால் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்து பேசுகிறார்கள். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? பழைய ஓவியம் மாதிரியே இருக்கிறது என்றார்கள். இவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த இடமும் ஓவியம்தான்.

பார்க்கிறவருக்கோ இதில் பெரிய புகார் இல்லை. தெரிந்தே ஏமாறுவதில் ஒரு சுகம் இருக்கிறது. முடிவு முன்பே தெரிந்த கதையில், இந்தத் தடவையாவது அவர் தப்பித்துவிட மாட்டாரா என்று பதறுவதில் இன்னொரு சுகம்.

1995-இல் வந்த பிரேவ்ஹார்ட், ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸின் கதை. 1297-இல் ஸ்டர்லிங் பாலத்தில் நடந்த போர் படத்தில் உண்டு, பாலம் கிடையாது. வீரர்கள் சுற்றிக்கொண்டிருக்கும் கட்டம் போட்ட நீளத்துணி அதற்கு முந்நூறு வருடம் கழித்து வந்த உடை. வாலஸைக் காதலிக்கும் பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவுக்கு அந்தச் சமயத்தில் இரண்டு மூன்று வயதுதான் இருக்கும், அதுவும் பிரான்சில் இருந்தாள். படம் ஐந்து ஆஸ்கர் வாங்கியது. ஸ்டர்லிங்கில் வாலஸுக்காக 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நினைவுக் கோபுரத்தில் கூட்டம் அள்ளியது. 1997-இல் அந்தக் கோபுரத்தின் அடிவாரத்தில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு புதுச் சிலை வைத்தார்கள், முகம் வாலஸாக நடித்த மெல் கிப்சனின் முகம். உள்ளூரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. யார் யாரோ வந்து சிலையை அடித்துச் சேதப்படுத்தவே, சுற்றிலும் கம்பிக் கூண்டு போட்டார்கள். ‘விடுதலை’ என்று பெயர் வைத்த அந்தச் சிலை வீரன் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். 2008-இல் சிலையை எடுத்துவிட்டார்கள். வேறு முகம் வைக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. வாலஸ் எப்படி இருப்பார் என்று காட்ட, அவர் உயிரோடு இருந்தபோது வரைந்த படம் ஒன்றுகூட கிடையாது.